மர வளையத்த வச்சு கப்பலுக்கும் ஓவியத்துக்கும் எப்படி இவ்வளவு கரெக்டா வருஷம் சொல்றாங்க?

நெல்லை_கார்த்தி

வணக்கம். ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்குற கேள்வி இது. வரலாறு தெரிஞ்சவங்க, மரம் தெரிஞ்சவங்க ரெண்டு பேரும் இங்க இருக்கீங்க, அதான் இங்கயே கேக்குறேன்.

நியூயார்க்ல வேர்ல்ட் டிரேட் சென்டர் இருந்த இடத்துல புதுசா கட்ட 2010ல பள்ளம் தோண்டுனப்ப, தெரு மட்டத்துக்கு ஆறேழு மீட்டர் கீழ ஒரு பழைய மரக்கப்பலோட பாதி உடம்பு கிடைச்சுது. அதுல பேர் இல்ல, கல்வெட்டு இல்ல, ஒரு துண்டு காகிதம் இல்ல. ஆனா 2014ல கொலம்பியா யுனிவர்சிட்டி மர வளைய லேப் ஆளுங்க, இந்த ஓக் மரம் 1773 வாக்குல வெட்டுனது, பிலடெல்பியா சுத்துவட்டாரத்து காட்டுல வளந்ததுன்னு சொல்லிட்டாங்க.

வளையத்த எண்ணுனா மரத்துக்கு எத்தனை வயசுன்னு தெரியும், அது ஸ்கூல்லயே படிச்சாச்சு. ஆனா நூறு வளையம் இருக்குன்னா அந்த நூறு வருஷம் எந்த நூறு வருஷம்? அதுக்கு கார்பன் டேட்டிங் (மிச்சமிருக்குற கதிரியக்கக் கார்பன அளந்து வயசு சொல்றது) பண்ணாலும் முன்னப்பின்ன பல வருஷம் விட்டுத்தான சொல்லுவாங்க, இவங்க ஒத்த வருஷத்தயே சொல்றாங்க. அதுக்கு மேல எந்த ஊர் காடுன்னு வேற. இன்னொரு டவுட், மரத்த வெட்டுன வருஷமும் கப்பல் கட்டுன வருஷமும் ஒண்ணாத்தான் இருக்கணும்னு என்ன கட்டாயம்? எங்க ஊர் பக்கம் பழைய வீட்ட பிரிச்சா அந்த உத்திரம் எல்லாம் அடுத்த வீட்டுக்குத்தான் போகும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு போறப்பல்லாம் அந்த மரவேலையப் பாத்து பிரமிச்சு நிக்கிற ஆளு நான். அந்த மாதிரி நம்ம பக்கத்து கட்டிடங்களுக்கும் இத செய்ய முடியுமான்னும் தெரிஞ்சுக்கணும்.

மீனா_வனவியல்

நல்ல கேள்வி கார்த்தி. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க.

வளையத்த எண்ணுறது வேலையில ஒரு சின்ன பாகம்தான், முக்கியமான வேலை ஒவ்வொரு வளையத்தோட அகலத்தையும் அளக்குறது. மைக்ராஸ்கோப்புக்கு கீழ வச்சு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு வரைக்கும் அளப்பாங்க. குளிர் நாடுகள்ல மரம் வசந்தத்துல வளர ஆரம்பிச்சு இலையுதிர் காலத்தோட நிறுத்திடும், அதனால வருஷத்துக்கு ஒரு வளையம். மழை நல்லா பேஞ்ச வருஷம்னா அகல வளையம், வறட்சின்னா ஒடுக்கமான வளையம். நம்ம பக்கம் ஒரு தாலுகாவுல மழை பொய்ச்சா யாரோட வயலா இருந்தாலும் அந்த வருஷம் வெளச்சல் குறையும்ல, அதே மாதிரி ஒரு பிரதேசத்துல இருக்குற ஓக் மரம் எல்லாத்துலயும் அந்த வருஷத்து வளையம் ஒடுங்கி இருக்கும். இப்ப ரெண்டு வருஷம் ஒடுக்கம், ஒரு வருஷம் அகலம், அப்புறம் நாலு வருஷம் சுமார், அடுத்து ஒண்ணு ரொம்ப ஒடுக்கம்னு நூறு வருஷத்துக்கு வரிசையா ஒரு பேட்டர்ன் வந்தா, அந்த வரிசை அப்படியே இன்னொரு நூறு வருஷத்துல திரும்ப வர வாய்ப்பே இல்ல.

இனி காலண்டர் வருஷம் எப்படி வருதுன்னு பாருங்க. உசுரோட நிக்கிற மரத்துல இருந்து ஆரம்பிப்பாங்க. அதோட பட்டைக்கு உள்ள இருக்குற வளையம் இந்த வருஷத்துதுன்னு நமக்கு தெரியும், அங்க இருந்து உள்ள போனா ஒரு இருநூறு முன்னூறு வருஷம் கிடைக்கும். அந்த மரம் இளசா இருந்த காலத்துல வெட்டுன உத்திரம் ஏதாவது பழைய கட்டிடத்துல இருக்கும், அதோட வெளி வளையங்களும் இந்த மரத்தோட உள் வளையங்களும் ஒரே பேட்டர்ன்ல ஒட்டிக்கும். அப்படியே அதுக்கு முந்துன சர்ச் கூரை, அதுக்கும் முந்துன கிணத்துச் சட்டம், ஆத்து மணல்ல புதைஞ்சு கிடக்குற மரம்னு பின்னாடி போயிட்டே இருக்கலாம். ஜெர்மனியில ஓக்கையும் பைனையும் சேத்து 12,000 வருஷத்துக்கு மேல இப்படி இடைவெளி இல்லாம கோத்து வச்சிருக்காங்க, எத்தனை பேரோட உழைப்பு அது!

இத முதல்ல ஒழுங்கா செஞ்சது ஏ.இ. டக்ளஸ்னு அமெரிக்காவுல அரிசோனாவுல இருந்த ஒரு வானியலாளர். சூரியப் புள்ளிகளோட சுழற்சி பூமியோட பருவநிலைய பாதிக்குதான்னு பாக்கத்தான் அவர் மரத்துப் பக்கமே வந்தாரு. உசுரோட இருக்குற மரத்துல இருந்து பின்னாடி போற வரிசை ஒண்ணு அவர்கிட்ட இருந்துச்சு, பழைய பூர்வகுடி மக்களோட இடிஞ்ச குடியிருப்பு உத்திரங்கள்ல இருந்து சேத்த வரிசை இன்னொண்ணு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடைவெளி. 1929ல ஷோ லோங்கிற ஊர்ல தோண்டி எடுத்த ஒரு கருகுன உத்திரம், எச்எச்-39ன்னு நம்பர் போட்டது, அந்த இடைவெளிய அடைச்சுது. அதுவரைக்கும் எந்த நூற்றாண்டுன்னே உறுதியா சொல்ல முடியாம இருந்த சாக்கோ பள்ளத்தாக்கு ஊர்களுக்கெல்லாம் ஒரே அடியா வருஷம் கிடைச்சுது. ஒரு கரிக்கட்டை செஞ்ச வேலை இது, எப்ப நினைச்சாலும் எனக்கு சிலிர்க்கும்.

எந்த ஊர்ங்கிற கேள்விக்கும் இதுலயே பதில் இருக்கு. ஒவ்வொரு பிரதேசத்துக்கும் தனித்தனி வரிசை வச்சிருக்காங்க, கிடைச்ச மரத்தோட பேட்டர்ன கம்ப்யூட்டர்ல எல்லா வரிசையோடவும் ஓட்டிப் பாப்பாங்க. எங்க அதிகமா பொருந்துதோ அந்தப் பக்கத்து மரம். கம்ப்யூட்டர் சொல்றத அப்படியே ஏத்துக்கவும் மாட்டாங்க, கிராஃப ஒண்ணு மேல ஒண்ணு வச்சு கண்ணால பாத்து உறுதி பண்ணுவாங்க. அம்பது வளையத்துக்கு கீழ இருந்தா பெரும்பாலும் கைய வைக்க மாட்டாங்க, தற்செயலா பொருந்திட வாய்ப்பு அதிகம். நீங்க சொன்ன நியூயார்க் கப்பல் பிலடெல்பியா வரிசையோட பொருந்துச்சு, அதுவும் குறிப்பா அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்துல கையெழுத்துப் போட்ட இண்டிபெண்டன்ஸ் ஹால் கட்டிடத்து மரங்களோட. அந்தக் கட்டிடத்துல இருந்து ஏற்கனவே சாம்பிள் எடுத்து வச்சிருந்ததாலதான் இது முடிஞ்சுது.

ஆனா இந்த ஊர் கண்டுபிடிக்கிற விஷயத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது டென்மார்க் கதை. ரோஸ்கில்ட ஃபியோர்டுல (நிலத்துக்குள்ள நீளமா நுழையுற கடல்) எதிரிக் கப்பல் உள்ள வராம இருக்க, வட ஐரோப்பாவோட பழைய கடலோடிகளான வைக்கிங்குகள் காலத்துல வேணும்னே அஞ்சு கப்பல மூழ்கடிச்சு வழிய அடைச்சிருக்காங்க, 1962ல சுத்தி தடுப்பு கட்டி தண்ணிய வெளியேத்தி எல்லாத்தையும் எடுத்தாங்க. அதுல ஸ்கூல்டெலவ் 2ன்னு ஒண்ணு, கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளம், 60 பேர் துடுப்பு போடுற போர்க்கப்பல். டென்மார்க்ல கிடைச்சுது, அதனால அங்க கட்டுனதுன்னுதான் யாரும் நினைப்பாங்க. வளையம் பொருந்துனது அயர்லாந்து ஓக்கோட! 1042ல டப்ளின் பக்கத்துல வெட்டுன மரம். ஐரிஷ் மண்ணுல குடியேறி இருந்த வைக்கிங்குகள் அவங்க பாணியிலயே அங்க கட்டுன கப்பல் அது. அப்புறம் அதே மாதிரி ஒண்ணு புதுசா செஞ்சு 2007ல ரோஸ்கில்டவுல இருந்து டப்ளினுக்கு ஓட்டிட்டே போனாங்க.

காரைக்குடி_ஆசாரி_பேரன்

மீனா அக்கா, அருமையா சொன்னீங்க. ஆனா கார்த்தி அண்ணன் கேட்ட ரெண்டாவது கேள்விய இன்னும் தொடல, எனக்கும் அதான் உறுத்துது.

நாங்க மூணு தலைமுறையா மரவேலை. தேக்கு வாங்குனா உடனே உளி வைக்க மாட்டோம், காயணும். எங்க தாத்தா நல்ல பலகை மாட்டுனா நல்ல வேலை வர்ற வரைக்கும் பரண்ல போட்டு வச்சிருப்பாரு, சிலது பத்து வருஷத்துக்கு மேல கிடந்திருக்கு. இதுல வெட்டுன வருஷத்த வச்சு நிலை செஞ்ச வருஷத்த எப்படி சொல்றது? இன்னொண்ணு, மரத்த அறுக்கும்போது பட்டையையும் அதுக்கு அடுத்த வெளுத்த பாகத்தையும் மொதல்ல கழிச்சிருவோம், அதுலதான் பூச்சி விழும். உள்ள இருக்குற கெட்டியான பாகம், அதான் வைரம், அது மட்டும்தான் வேலைக்கு எடுப்போம். அப்ப கடைசி வளையம்னு அவங்க எத எண்ணுறாங்க? நாங்க கழிச்சுப் போட்டதுல எத்தனை வருஷம் போச்சோ யாருக்குத் தெரியும்.

மீனா_வனவியல்

தம்பி, நீங்க சொன்னதுதான் இந்தத் துறையோட உசுர்நாடியான பிரச்சினை. வெளியில இருந்து பாக்குறவங்க இத கேக்கவே மாட்டாங்க, மரத்துல கைய வச்சவங்களுக்குத்தான் இது தோணும்.

பட்டையோட ஓரம் மரத்துல அப்படியே இருந்தா அதிர்ஷ்டம். கடைசி வளையம் மரம் சாகறதுக்கு முந்துன வருஷம், இல்ல அதே வருஷம். அந்தக் கடைசி வளையம் முழுசா முடிஞ்சிருக்கா பாதியில நிக்குதாங்கறத வச்சு குளிர்காலத்துல வெட்டுனதா கோடையில வெட்டுனதான்னு கூட சொல்லிடலாம். இங்கிலாந்துல சதுப்புநிலத்து மேல போட்ட ஸ்வீட் ட்ராக்குங்கற ஒரு மரப்பாதை, கி.மு. 3807 - 3806 குளிர்காலத்துல வெட்டுன மரம்னு சொல்றாங்க. ஐயாயிரத்து எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்தத எந்தப் பருவம்னு சொல்றாங்கன்னா பாத்துக்கோங்க.

பட்டை போய் வெள்ளைக் கட்டை கொஞ்சம் மிச்சம் இருந்தா அடுத்த வழி. ஓக்ல அந்த வெளுத்த பாகத்துல எத்தனை வளையம் இருக்கும்னு ஆயிரக்கணக்கான மரத்துல எண்ணி வச்சிருக்காங்க, இங்கிலாந்து ஓக்ல பெரும்பாலும் 9ல இருந்து 41 வரைக்கும். அதனால வைரமும் வெள்ளையும் சேர்ற கோடு மட்டும் தெரிஞ்சா போதும், இந்த வருஷத்துல இருந்து இந்த வருஷத்துக்குள்ள வெட்டியிருப்பாங்கன்னு ஒரு வரம்பு சொல்லிடலாம். அந்தக் கோடும் போயிடுச்சு வெறும் வைரம்தான் இருக்குன்னா, இந்த வருஷத்துக்கு அப்புறம்தான் வெட்டுனாங்கன்னு மட்டும் சொல்லலாம், அதுக்கு மேல ஒரு வார்த்தை சொன்னாலும் தப்பு. பேப்பர்ல நியூஸ் வர்றப்ப இந்த வித்தியாசத்த முழுங்கிடுறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

காய வைக்கிற விஷயத்துல ஐரோப்பாக்காரங்க வழக்கம் வேற. பலகைக்கும் மேஜை நாற்காலிக்கும் காய வைப்பாங்க, ஆனா வீட்டுக் கூரை, சட்டம், கப்பல் உடம்பு எல்லாத்தையும் ஓக் பச்சையா இருக்கும்போதே செதுக்கி ஏத்திடுவாங்க. காஞ்ச ஓக் இரும்பு மாதிரி ஆயிடும், கை உளிக்கு மசியாது. ஏத்துனதுக்கு அப்புறம் காஞ்சு சுருங்கி திருகிக்கிட்ட தடயம் அந்த உத்திரங்கள்ல இன்னும் தெரியும். அதனால அங்க கட்டிடம்னா வெட்டுன வருஷத்துக்கும் கட்டுன வருஷத்துக்கும் ஒண்ணு ரெண்டு வருஷம்தான் வித்தியாசம் வரும். தேதி எழுதி வச்ச கட்டிடங்கள்ல சரிபார்த்ததுலயும் அப்படித்தான் வந்திருக்கு.

கார்த்தி கேட்ட மறுபடி பயன்படுத்துறதுக்கு ஜப்பான்ல ஹோரியூஜி கோயில் நல்ல உதாரணம். உலகத்துல இன்னும் நிக்கிற மரக்கட்டிடங்கள்ல ரொம்பப் பழசு அதுதான். கோயில் 670ல எரிஞ்சு போச்சுன்னு அவங்க பழைய வரலாற்று நூலான நிஹோன் ஷோகி சொல்லுது, இப்ப இருக்குற அஞ்சடுக்கு கோபுரம் அதுக்கப்புறம் கட்டுனதுன்னு வச்சிருந்தாங்க. கோபுரத்துக்கு நட்டநடுவுல நிக்கிற தூணோட கடைசி வளையம் 594ன்னு 2001ல அறிவிச்சாங்க! எரியவே இல்லையோ, வேற கோயில்ல இருந்து கொண்டு வந்த தூணோ, இல்ல வெட்டி எம்பது வருஷம் வச்சிருந்தாங்களோன்னு பெரிய விவாதமே நடந்துச்சு. அப்புறம் கோயிலோட மத்த மரங்களையும் பாத்தா 660கள் 670கள்ல வெட்டுனதா வந்துச்சு. ஆக தூண் மட்டும்தான் பழசு. அதனாலதான் ஒரே ஒரு மரத்த வச்சு கட்டிடத்துக்கு வருஷம் சொல்லக்கூடாது, பத்து பன்னெண்டு சாம்பிளாவது வேணும், அதுல பெரும்பாலானது ஒரே வருஷத்துல வந்து நிக்கணும்.

தூரிகை

ஓவியம்னு தலைப்புல இருக்கே, அதப் பத்தி யாரும் பேசலையே, நான் ஆரம்பிக்கிறேன்.

கேன்வாஸ் பரவலா வர்றதுக்கு முன்னாடி வட ஐரோப்பாவுல ஓக் பலகை மேலதான் வரைஞ்சாங்க. மரத்த மையத்துல இருந்து வெளிய பாத்து பிளந்து எடுத்த பலகைங்கறதால ஓரத்துல எல்லா வளையமும் வரிசையா தெரியும். ஃபிரேம கழட்டி அந்த ஓரத்த சுத்தம் பண்ணி லென்ஸ வச்சு அளந்தா போதும், படத்த தொடவே வேண்டாம். ஹாம்பர்க்ல பீட்டர் கிளைன்னு ஒருத்தர் வாழ்க்கை முழுக்க இதயே செஞ்சிருக்காரு.

இதுல முதல்ல ஒரு பெரிய புதிர் இருந்துச்சு. இங்கிலாந்து, நெதர்லாந்து ஓவியப் பலகைகளோட வளையம் அந்த ஊர் ஓக் எதோடவும் சேரல. தங்களுக்குள்ள நல்லா சேருது, உள்ளூர் வரிசையோட சேர மாட்டேங்குது. 1980கள்ல போலந்து பக்கத்து வரிசை தயாரானதும்தான் விடை கிடைச்சுது, அது எல்லாமே பால்டிக் கடல் ஓரத்து காடுகள்ல இருந்து கிதான்ஸ்க் துறைமுகம் வழியா கப்பல்ல வந்த மரம். அங்க மரம் நெருக்கமா நின்னு மெதுவா வளந்ததால வளையம் ஒடுக்கமா சீரா இருக்கும், பலகை வளையாது. ஓவியர்கள் எதத் தேடி அவ்வளவு தூரத்துல இருந்து வாங்குனாங்களோ அதுவே இப்ப நமக்கு சாட்சி சொல்லுது.

பாஷ்ங்கிற நெதர்லாந்து ஓவியர் பேர்ல இருந்த ஒரு படத்துக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க. ராட்டர்டாம் மியூசியத்துல இருக்குற கானாவூர் கல்யாணம். பாஷ் செத்தது 1516. அந்தப் பலகையோட மரம் 1550கள்ல கூட காட்டுல நின்னுட்டு இருந்திருக்கு! அதுக்கு மேல வாதாட என்ன இருக்கு. பாணி, பிரஷ் ஓட்டம்னு நூறு பேர் நூறு விதமா பேசலாம், மரம் இன்னும் வெட்டப்படாம நிக்கும்போது அதுமேல யாரும் வரைஞ்சிருக்க முடியாது.

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கு. ஆக்ஸ்போர்ட் ஆஷ்மோலியன் மியூசியத்துல போஸ்ட்கார்டு சைஸ்ல தாடிக்கார கிழவரோட தலை ஒண்ணு இருக்கு. 17ம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைஞ்சது இல்லன்னு 1980கள் ஆரம்பத்துல ரெம்பிராண்ட் ஆய்வுக்குழு சொன்னதால அத கீழ ஸ்டோர்ல போட்டு வச்சிருந்தாங்க. கிளைன் அந்தப் பலகைய அளந்து பாத்தா மரம் 1618க்கும் 1628க்கும் நடுவுல பால்டிக் பக்கம் வெட்டுனது. அத விட முக்கியம், ஹேக்ல இருக்குற ரெம்பிராண்டோட ஆந்த்ரோமெடா படத்துப் பலகையும், டிரெஸ்டன்ல இருக்குற யான் லீவன்ஸ் வரைஞ்ச ரெம்பிராண்டோட அம்மா படத்துப் பலகையும், இதுவும் மூணும் ஒரே மரம். ரெம்பிராண்டும் லீவன்ஸும் லெய்டன் ஊர்ல ஒண்ணா இருந்து வேலை பாத்த இளவயசு நண்பர்கள். 2020ல அத வெளிய கொண்டு வந்து காட்சிக்கு வச்சாங்க.

ஆனா இங்கயும் மீனா சொன்ன எச்சரிக்கை பொருந்தும். ஒரே மரம்ங்கறது ஒரே பட்டறைன்னு காட்டும், எந்தக் கைன்னு காட்டாது. இந்த மரம் ரெம்பிராண்ட் காலத்துது, அவர் பட்டறைக்கு வந்தது, அதோட வளையத்தோட வேலை முடிஞ்சுது. மிச்சத்த படத்தப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்.

டொரொண்டோ_சிவா

நான் இருக்கிறது கனடாவில, அதால இங்கத்தைய கதை ஒண்டு சொல்லுறன். நியூஃபவுண்ட்லாந்தில லான்ஸ் ஓ மெடோஸ் எண்டு ஒரு இடம் இருக்கு. கொலம்பசுக்கு முதலே வைக்கிங்குகள் வந்து தங்கின இடம் எண்டு 1960இல இங்ஸ்டாட் தம்பதி கண்டுபிடிச்சவை. ஆனா எந்த வருசம் எண்டு ஒருத்தருக்கும் திட்டமா தெரியேல்ல. அங்க கிடைச்ச மரத்துண்டுகள் சின்னன், மீனா சொன்ன மாதிரி பேட்டர்ன் பொருத்திற அளவுக்கு வளையம் காணாது.

பிறகு வேற வழி ஒண்டு பிடிச்சவை. சூரியனில பெரிய புயல் ஒண்டு அடிச்சால் காற்றில கதிரியக்கக் கார்பன் திடீரெண்டு கூடும், அந்த வருசத்து வளையத்தில உலகம் முழுக்க எல்லா மரத்திலயும் அது பதிஞ்சுபோகும். ஜப்பானில ஃபூசா மியாக்கே எண்டவர்தான் 2012இல 774 - 775 வருசத்துப் புயலை வளையத்தில கண்டுபிடிச்சவர், பிறகு 993 வருசத்திலயும் ஒண்டு பிடிபட்டது. லான்ஸ் ஓ மெடோஸ் மரத்தில ஒவ்வொரு வளையமா கார்பன் அளந்து 993 வளையம் எது எண்டு கண்டுபிடிச்சு, அதில இருந்து பட்டை வரைக்கும் எண்ணினால் 28. அப்ப 1021. மூண்டு வேற வேற மரம், மூண்டிலயும் அதே 1021. மூண்டையும் இரும்புக் கத்தியால வெட்டின அடையாளம் இருக்கு, அந்த நேரம் அங்க இருந்த பூர்வகுடிகள் இரும்பு ஆயுதம் பாவிக்கேல்ல.

2021இல இது வெளிவந்தது. அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஐரோப்பியர் அமெரிக்காவில நிண்ட ஆக முந்தின உறுதியான வருசம் இதுதான். கார்த்தி, நீங்கள் கேட்ட கார்பன் டேட்டிங்கும் வளையமும் சேர்ந்து வேலை செய்த இடம் எண்டதால எழுதினனான்.

நெல்லை_கார்த்தி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவை படிச்சேன். சிவா அண்ணா சொன்னது எனக்கு முழுக்க புதுசு. வயலின்லயும் இந்த வேலை பாத்திருக்காங்கன்னு எங்கயோ கேட்ட ஞாபகம், அது யாருக்காவது தெரியுமா? அப்புறம் நம்ம தேக்கு விஷயம் அப்படியே நிக்குது மீனா மேடம்.

கம்பிமீட்டி

வயலின் நான் சொல்றேன். இத்தாலியில ஸ்ட்ராடிவாரின்னு புகழ்பெற்ற வயலின் செய்றவர் பேர்ல மெசையா ஸ்ட்ராடிவேரியஸ்னு ஒரு வயலின், அதுவும் ஆஷ்மோலியன்லதான் இருக்கு. உள்ள 1716ன்னு லேபிள். வாசிச்சு தேயாம புதுசு மாதிரியே இருக்குறதால, 19ம் நூற்றாண்டுல பாரிஸ்ல இது வுய்யோம்ங்கிற கருவி செய்றவர் கையில இருந்ததால, அவர் பழைய வயலின காப்பி பண்றதுல மகா கெட்டிக்காரருங்கறதால, அவரே செஞ்சிருப்பாரோன்னு 1990கள் கடைசியில சந்தேகம் கிளம்புச்சு. போட்டோவ மட்டும் வச்சு பாத்ததுல கடைசி வளையம் 1738ன்னு ஒரு தேதி வேற வந்துச்சு. ஸ்ட்ராடிவாரி செத்தது 1737. அது சரின்னா கதை முடிஞ்சுது.

அப்புறம் வயலினையே நேர்ல வச்சு அளந்தாங்க. மேல்பலகை ஸ்ப்ரூஸ்ங்கிற ஊசியிலை மரம், ஆல்ப்ஸ் மலை உச்சியில வளர்றது. அங்க மழைய விட கோடையோட சூடு குளிர்தான் வளையத்த தீர்மானிக்கும். ஒரே கட்டையப் பிளந்து ரெண்டு பாதியா விரிச்சு நடுவுல ஒட்டுறதால, பட்டைப் பக்கத்து இளைய வளையம் நடு ஜாயிண்ட்ல வரும். ஒரு குழு 1682ன்னு சொல்லுச்சு, அமெரிக்காவுல இருந்து வந்த இன்னொரு குழு ஸ்ட்ராடிவாரியோட மத்த கருவிகளையும் சேத்து அளந்து 1687ன்னு சொல்லுச்சு. ரெண்டுமே 1716க்கு முன்னாடி. காய வச்சது, ஓரம் சீவுனது எல்லாத்துக்கும் தாராளமா இடம் இருக்கு.

இதுனால அவர்தான் செஞ்சாருன்னு நிரூபணம் ஆயிடல, தூரிகை சொன்னதேதான், பழைய கட்டை கிடைச்சா வுய்யோமும் செஞ்சிருக்கலாமேன்னு கேக்குறவங்க கேப்பாங்க. ஆனா 1738ன்னு சொல்லி அத போலின்னு தள்ளுன வாதம் நிக்கல. போட்டோவுக்கும் கையில வச்சு அளக்கறதுக்கும் எவ்வளவு வித்தியாசம் பாருங்க.

மீனா_வனவியல்

இப்ப தேக்கு. நம்ம பக்கம் பெரும்பாலான மரத்துல இந்த வேலை நடக்காது. குளிர்காலம்னு வளர்ச்சிய நிறுத்துற ஒண்ணு இல்ல, வருஷத்துக்கு ரெண்டு மழைக்காலம் வந்தா ஒரே வருஷத்துல ரெண்டு வளையம் மாதிரி விழும். பனைய பத்தி பேசவே வேண்டாம், அதுக்கு வளையமே கிடையாது, அதனால பனஞ்சட்டம் போட்ட வீடுகளுக்கு இந்த வழியே இல்ல. ஆனா தேக்கு கோடையில இலைய உதிர்த்துட்டு நிக்கும், திரும்ப துளிர்க்கும்போது பெரிய துளைகள் வரிசையா வந்து தெளிவா வளையம் போடும். ஜாவா தேக்குல 1514ல இருந்து 1929 வரைக்கும் ஒரு வரிசைய பெர்லாகேன்னு ஒரு டச்சு வானிலை அறிஞர் 1931லயே வெளியிட்டிருக்காரு. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையத்து ஆளுங்க கேரளத் தேக்குல 523 வருஷத்து வரிசை ஒண்ண 2010ல வெளியிட்டாங்க, எல் நினோ வந்து மழை பொய்ச்ச வருஷங்கள் அதுல ஒடுங்கி தெரியுது. அவங்க செஞ்சது பழைய மழைய தெரிஞ்சுக்க, ஆனா அதே வரிசைய கட்டிடத்துக்கும் பயன்படுத்தலாம். பத்மநாபபுரம் வயசுக்கு அது தாராளமா எட்டும். உத்திரத்துல இருந்து பென்சில விட கொஞ்சம் தடிமனா ஒரு குச்சி மட்டும் துளைச்சு எடுத்துட்டு ஓட்டைய மரத்தாலயே அடைச்சிடுவாங்க. சி.டி. ஸ்கேன் எடுக்குற மாதிரி பொருள்னா அந்தத் துளையும் தேவையில்ல.

காரைக்குடி தம்பிக்கு ஒண்ணு. செட்டிநாட்டு வீட்டுத் தேக்கு நிறைய பர்மாவுல இருந்து வந்ததுல்ல, அதுல ஒரு நுணுக்கம் இருக்கு. பச்சைத் தேக்கு தண்ணியில மிதக்காது. அதனால அங்க அடியில சுத்தி பட்டையையும் வெள்ளைக் கட்டையையும் வெட்டிவிட்டு, மரத்த நின்னபடியே சாக விட்டு, மூணு வருஷம் போல காஞ்சதுக்கு அப்புறம்தான் சாய்ப்பாங்க. பிறகு யானை இழுத்து ஆத்துல விட்டு, அது ரங்கூனுக்கு மிதந்து வர்றதுக்கே வருஷக்கணக்குல ஆகும். அதனால கடைசி வளையம் காட்டுறது மரம் செத்த வருஷத்த, சாய்ச்ச வருஷம் அதுக்கும் அப்புறம், வீட்டுக்கு வந்த வருஷம் அதுக்கும் அப்புறம். ஐரோப்பா ஓக்குக்கு வச்ச கணக்க இதுக்கு அப்படியே போட்டா தப்பாயிடும், பர்மாத் தேக்குக்குன்னு தனியா யாராவது உக்காந்து கணக்கு பண்ணணும். அதுக்கு வருஷம் எழுதி வச்ச வீட்டு மரங்கள் நிறைய வேணும்.

இன்னைக்கு பழைய வீடுகள பிரிச்சு உத்திரம் தூண் எல்லாம் மரக்கடைக்கு போயிட்டே இருக்கு. அறுத்து இழைச்சுட்டா ஓரம் போயிடும். தம்பி, உங்க பட்டறைக்கு அப்படி மரம் வந்தா, அறுக்குறதுக்கு முன்னாடி முனையில ஒரு வில்லை மட்டும் எடுத்து வைங்களேன்.

காரைக்குடி_ஆசாரி_பேரன்

கண்டிப்பா அக்கா. பழைய மரம் மாசத்துக்கு ரெண்டு லோடாவது வருது. சில தூண்ல பின்பக்கம் வெள்ளை கொஞ்சம் ஒட்டிட்டு இருக்கும், இத்தனை நாள் அத மொதல்ல சீவித்தான் தள்ளுவோம். வில்லை எவ்வளவு கனம் வேணும்? வீட்டு ஓனர்கிட்ட என்னென்ன கேட்டு எழுதணும்?

மீனா_வனவியல்

ரெண்டு அங்குல கனம் இருந்தா போதும், ஆனா ஒரு பக்கமாவது அந்த வெள்ளை முழுசா இருக்கணும், அத இழைக்காதீங்க கழுவாதீங்க. எந்த ஊர், எந்தத் தெரு வீடு, மரம் அந்த வீட்டுல எந்த இடத்துல இருந்துச்சு, தூணா உத்திரமா நிலையா, வீடு கட்டுன வருஷம் எங்கயாவது எழுதியிருந்தா அது. கணக்கு நோட்டுல மரம் வாங்குன வருஷம் இருந்தா அந்தப் பக்கத்த போட்டோ எடுத்துக்கோங்க. வில்லை மேலயே பென்சில்ல நம்பர் போடுங்க, ஸ்கெட்ச் பேனா வேண்டாம், மை ஊறிடும். மரத்துல முத்திரை சுத்தியலால அடிச்ச கம்பெனி மார்க் ஏதாவது இருந்தா அதையும் போட்டோ எடுங்க.